நீளவாக்கில்

இருநூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாள் முடிந்தது. சுகந்தாமணி துண்டைக் குழாயில் காட்டிக் கழுவி, டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். கீறல்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. சரி, இனி நானூறு. அடுத்த சுழல்வட்டில் புதுத் தாளை ஒட்டினாள், தண்ணீரைத் திறந்தாள், துண்டைக் கால்வட்டம் திருப்பிப் பிடித்து அழுத்தினாள். வட்டு உர்ரென்று சுற்றியது. மணி பன்னிரண்டு நாற்பது. மற்றவர்கள் சாப்பிடக் கீழே போய்விட்டார்கள், அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. கணபதி ஏரியாவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது அந்தச் சோதனைக்கூடம். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அங்கே ஒரே வேலைதான். கம்பெனிகள் அனுப்பும் உலோகத்தை வெட்டுவாள், கண்ணாடியாகத் தேய்ப்பாள், அமிலத்தில் காட்டுவாள், நுண்ணோக்கியில் பார்ப்பாள், உள்ளே இருப்பதை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்து அழகாக இருக்கும். சு-வின் வாலை நீட்டி விடுவாள், அதில் ஒரு பெருமை அவளுக்கு. இப்போது கையில் இருப்பது கறுப்பு வில்லைக்குள் பதித்த ஒரு டைட்டானியத் துண்டு, செயற்கை இடுப்பு மூட்டின் கழுத்து. இதே கழுத்தில் இன்னொன்று இந்த நிமிஷம் மருதமலைப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறது, அவள் வீட்டுக்காரர் திருமூர்த்தியின் இடது தொடைக்குள். பன்னிரண்டேகாலுக்கு அடிவாரத்திலிருந்து போன் பண்ணினார். ஏற ஆரம்பிச்சுட்டேன் புள்ள, கூட்டமே இல்ல, காத்து ஜிலுஜிலுன்னு இருக்குது என்றார். எண்ணூற்றுச் சொச்சம் படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை அந்தக் கழுத்து உடம்பு முழுவதையும் தாங்கி வளைந்து நிமிரும். பாதிப் படி இடது காலுக்கு என்று வைத்துக்கொண்டாலும் நானூறு தடவை. நானூறாம் நம்பர் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டாம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

முள்ளங்கிதான் எல்லாவற்றுக்கும் காரணம். காலை ஐந்தரைக்குச் சாம்பாருக்கு முள்ளங்கி நறுக்கினாள். சந்தைக்காரியின் கத்தி பட்டதோ என்னவோ, ஒன்றின் இடுப்பைச் சுற்றி மூன்று நான்கு மெல்லிய வெட்டுகள் இருந்தன. அவள் பாட்டுக்கு வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டே போனாள். நறுக்கி முடித்துப் பார்த்தால் எல்லாம் முழு வட்டம். ஒன்றிரண்டின் ஓரம் கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். வெட்டெல்லாம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. வெட்டு ஓடுகிற திசையிலேயே கத்தியும் ஓடினால் அது இரண்டு வில்லைக்கு நடுவில் ஒளிந்துகொள்கிறது. யோசித்தபடியே அடுத்த முள்ளங்கியை எடுத்து, சின்னப் பிள்ளை விளையாட்டுப் போல, அதன் இடுப்பில் கத்தியால் நாலு கீறு கீறி, இந்தத் தடவை நீளவாக்கில் பிளந்தாள். நாலும் வரிசையாகப் பல்லைக் காட்டின. அவ்வளவுதான், கை அப்படியே நின்றுவிட்டது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. திருமூர்த்தி குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டே சமையலறைக்கு வந்து, என்ன புள்ள, முள்ளங்கியைப் பார்த்துக் கனாக் காண்றியா என்றார். மாமா, மலைக்குப் பஸ்சுலயே போயிட்டு வந்துடுங்களேன் என்றாள். பஸ்சுல போறதுக்கு வேண்டுதல் எதுக்கு, முருகன் சிரிப்பான் என்றார். இன்னொரு தடவை சொன்னாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது என்பது அவள் தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தை நினைத்தால் இப்போது சிரிப்புக்கூட வருகிறது. ஒன்றே முக்கால் வருஷத்துக்கு முன்னால் பார்க்காமல்தானே சொன்னாள்.

கழுவினாள், சாய்த்துப் பார்த்தாள். பழைய கீறல் இரண்டு இன்னும் குறுக்கே கிடந்தது. இன்னும் ஒரு நிமிஷம் தேய்க்க வேண்டும். தாள் மாற்றும்போதெல்லாம் துண்டைக் கால்வட்டம் திருப்பிப் பிடிப்பது இதற்காகத்தான், புதுக் கீறலுக்குக் குறுக்கே கிடந்தால்தான் பழையது கண்ணில் படும். ஒரே திசையில் தேய்த்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். இந்தப் பாடத்தை இருபத்திரண்டு வருஷமாகத் தினம் பத்துத் தடவை கை செய்கிறது. கைக்குத் தெரிந்தது தலைக்கு ஏறவில்லையே! வெட்டும்போது ஏன் தோன்றவில்லை? தோன்றாது, ஏனென்றால் வெட்டும் முறை எழுதியே வைத்திருக்கிறது. மேல்தோலை உருக்கிக்கொண்டு லேசர் போன தடத்துக்குக் குறுக்கே வெட்டு, உருகிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அள, படம் எடு. அப்படி வெட்டினால் பள்ளம் அரைநிலாவாகத் தெரியும், பார்க்க அழகு. யாரும் எப்போதும் அப்படித்தான் வெட்டுவார்கள். வேறெந்தச் சாமானுக்கும் அது சரியாகத்தான் இருந்திருக்கும். இந்தக் கழுத்தில்தான் லேசர் தடங்கள் வெண்டைக்காய் வரிபோல நீளவாக்கில் ஓடுகின்றன. தடம் இறுகும்போது வெடித்தால் தடத்துக்குக் குறுக்கேதான் வெடிக்கும், அதாவது கழுத்தைச் சுற்றி. அவளும் குறுக்கேதான் வெட்டினாள். நாலு கழுத்தை எடுத்து நாலையும் வில்லை போட்டாள். நாலு வில்லையும் முழு வட்டம். வெடிப்பு இல்லை என்று எழுதினாள். காணப்படவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம், அன்றைக்கு என்னவோ ஒரு குஷியில் இல்லை என்றே எழுதினாள். சு-வின் வால் வழக்கத்தைவிட நீளமாகப் போயிருக்கும்.

குஷிக்குக் காரணம் அந்த நிறம். லேசரால் டைட்டானியத்தின் மேல்தோலை மட்டும் உருக்கி, உருகும் இடத்தில் நைட்ரஜனை ஊதுவார்கள். உலோகம் அதைக் குடித்துவிட்டு இறுகும்போது பொன்னாகிவிடும், பார்வைக்குப் பொன், தொட்டால் பீங்கான். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தோல், ஆனால் கத்தி ஏறாது. எத்தனையோ சரக்கில் வைக்கோல் நிறத்தில் அந்தத் தோலைப் பார்த்திருக்கிறாள். இந்தச் சரக்கு அப்படி இல்லை, புதுத் தாலிக்கொடி மாதிரி செம்பொன்னாக இருந்தது. வெட்டித் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தபோது அப்பா என்று வாய்விட்டே சொன்னாள். மேலே பொன்னிறத்தில் கிளை, கிளைக்குள் கிளை, அதற்குள் இன்னும் பொடிக் கிளை, அடர்ந்து கிடந்தது. அதற்குக் கீழே ஊசி ஊசியாகச் சிதறிய சாம்பல் நிறம், சடக்கென்று குளிர்ந்ததன் அடையாளம். அதற்கும் கீழே சூடே படாத பழைய டைட்டானியம், உருண்டை உருண்டையாக, தனக்கு மேலே என்ன நடந்தது என்றே தெரியாமல். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மேலாளர் சடையப்பன் வரவேற்பறையில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். ஒருத்தர் இது எந்த ஊர் சேலை டிசைன் என்று கேட்டார். அவள் தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் உள்ளே வருவாள், கண்ணை ஒரு தடவை அதில் வைத்துவிட்டுத்தான் வருவாள். இன்று காலை வைக்கவில்லை. அவ்வளவு அடர்த்தியான கிளை என்றால் நைட்ரஜன் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்று அர்த்தம், ஆர்கான் வாயுவைக் கலந்து அடக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவு கடினமான தோல் இறுகும்போது இழுபட்டு வெடிக்காமல் இருந்தால்தான் அதிசயம் என்று அர்த்தம். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தெரியும். அழகாக இருந்தது, அதனால் மறந்துவிட்டது.

அறுநூறு. அப்புறம் எண்ணூறு. எண்ணூறு என்ற நம்பரைத் தாளின் பின்பக்கம் பார்த்ததும் படிகள் ஞாபகம் வந்து தாளைத் திருப்பிப் போட்டாள். அவர் இப்போது எந்த இடத்தில் இருப்பார்? பாதி வந்திருப்பாரா? இடது காலை முன்னால் வைத்து ஏறாதீங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவர் கேட்டால்தானே. ஆறு மாசம் கட்டிலில் கிடந்தவர். மழைநாளில் வண்டி சறுக்கி இடுப்பு நொறுங்கி, கம்பி போட்டு, கம்பி பிடிக்காமல், கடைசியில் மூட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். டாக்டர் இரண்டு வகை காட்டினார். ஒன்று சாதா, இன்னொன்று கழுத்தில் பொன்னிறம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சரக்கு எண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் புல்லரித்துப் போயிற்று. இருநூறு கழுத்து கொண்ட அதே சரக்கு. டாக்டர், இதை நான்தான் சோதிச்சேன், இதையே வெச்சுடுங்க என்றாள். டாக்டர் அவளை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வையை அவள் ரொம்ப நாள் பத்திரமாக வைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தபோதெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டே அதைத்தான் சொன்னாள். நாத்தனார்கூட, பரவால்ல, உன்ற படிப்பு எங்க அண்ணனுக்காச்சும் ஆச்சே என்றாள். அந்த நாத்தனார் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது சாமி வரம் கொடுப்பது மாதிரி. யார் தேர்ந்தெடுத்தது என்று நாளைக்குக் கேட்டால் டாக்டரைக் கைகாட்ட முடியாது, விதியைக் கைகாட்ட முடியாது. இதையே வெச்சுடுங்க என்று சொன்ன வாய் அவள் வாய்.

"சாப்பிடலீங்களா மேடம்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சடையப்பன் வாசலில் பல்லைக் குத்திக்கொண்டு நின்றார். நல்ல மனுஷர், யாரையும் அதட்டமாட்டார், சத்தமில்லாமல் வந்து நிற்பதுதான் அவரிடம் ஒரே கெட்ட பழக்கம்.

"இதோ, சித்த நேரம் ஆவுமுங்க."

"அது என்ன பீசுங்க? இன்னைக்கு டைட்டானியம் எதுவும் வரலியே."

"பழசுங்க. சும்மா... படம் ஒண்ணு சரியா வரல, மறுபடி எடுத்து வெக்கலாம்னு."

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப? அந்தப் பார்ட்டி ஒரு குறையும் சொல்லலியே. நானே சொல்லோணும்னு இருந்தேன், அலமாரியில பழைய பீசெல்லாம் ரொம்பிப் போச்சு. இந்த வாரம் தூக்கிப் போட்டுடலாமுங்க."

"அஞ்சு வருஷம் வெக்கோணுமுங்களே."

"கேக்கறவங்களுக்கு வெக்கோணும். யாரு கேக்கறாங்க?" என்று சிரித்துவிட்டு, சாப்பிடுங்க, சாப்பிடுங்க, அல்சர் வந்துரும் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார். அவர் செருப்புச் சத்தம் கீழே போய் மறையும்வரை வட்டின்மேல் கையை வைக்கவில்லை அவள்.

யார் கேட்கிறார்கள்? நியாயமான கேள்விதான். யாரும் கேட்கவில்லை. இருபத்தோரு மாசமாக ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவரை இது ஒரு முள்ளங்கி, அவ்வளவுதான். அவள் ஆயிரத்திருநூறாம் தாளை ஒட்டினாள். இது வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும், துண்டு வழுக்கும், விரல் நுனி மரத்துப் போகும். வெடிப்பே இல்லாமலும் இருக்கலாமே. செம்பொன்னாக இருந்தால் வெடித்துத்தான் ஆகவேண்டும் என்று சட்டமா? முன்னாலேயே சூடேற்றிவிட்டு லேசர் விட்டிருக்கலாம், அப்படிச் செய்தால் வெடிக்காது. சாயம் தடவி வெடிப்புத் தேடும் சோதனை அந்தக் கம்பெனியிலேயே பண்ணித்தான் அனுப்புகிறார்கள். வெடிப்பு இருந்தால் சிவப்புக் கோடு காட்டியிருக்குமே? காட்டியிருக்கும், தோலின் கரடுமுரடை மினுக்கி எடுக்காமல் இருந்திருந்தால். மினுக்கும்போது டைட்டானியம் வெண்ணெய் போல இழுபட்டு வெடிப்பின் வாயைப் பூசிவிடும். வாய் மூடியிருந்தால் சாயம் எப்படி இறங்கும்? இதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தது எல்லாம் இன்றைக்கென்று ஒவ்வொன்றாக வந்து எதிரே நிற்கிறது, இத்தனை நாள் எங்கே போய் ஒளிந்திருந்ததோ. காலை ஒன்பதரைக்கு அலமாரியிலிருந்து மிச்சத் துண்டை எடுத்து அறுப்பானில் வைத்தபோதுகூட ஒரு நிமிஷம் குறுக்கேதான் வைத்தாள், கை தானாக அப்படிப் போயிற்று. அப்புறம் எடுத்து நீளவாக்கில் மாட்டினாள். மெல்லிய வைரத் தகடு, மெதுவாகத்தான் அறுக்கும். பதினொன்றே காலுக்குத்தான் டக்கென்று இரண்டாக விழுந்தது. அந்த டக் இன்னும் காதில் இருக்கிறது. உடைந்தால் அப்படித்தான் கேட்குமோ? இல்லை, உடம்புக்குள் கேட்காது, சதை மூடியிருக்கும், அவர் மட்டும் கேட்பார். படியில் காலை வைப்பார், கேட்கும், என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் கால் தன்னுடையதாக இருக்காது.

துணி வட்டு. வெள்ளைக் கூழை ஊற்றி, பெராக்சைடு நாலு சொட்டு விட்டாள். இங்கேதான் பொறுமை வேண்டும். எஃகாக இருந்தால் இரண்டு நிமிஷத்தில் பளிச்சென்று ஆகிவிடும், டைட்டானியம் பளிச்சென்று ஆனாலும் நம்பக்கூடாது, மேலே பூசிக்கொண்ட படலத்தைக் கூழ் மெல்ல மெல்லத் தின்று எடுக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் என்பது கணக்கு. பத்து நிமிஷத்தில் நிறுத்தினாலும் கண்ணாடியாகத்தான் தெரியும். நிறுத்தினால் என்ன? வெடிப்பு இருந்தாலும் படலத்துக்குக் கீழே மூடிக் கிடக்கும், பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யும் ஆகாது. இந்த நினைப்பு யாருடையது என்று திடுக்கிட்டாள். தன்னுடையதுதான். அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? வட்டு சுற்றியது. சுவர்க்கடிகாரத்தின் சின்ன முள்ளைப் பார்க்காமல் பெரிய முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபரேஷன் முடிந்த பிறகு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இதை வைப்பது சுலபமுங்க, எடுக்கற மாதிரி வந்துச்சுன்னாத்தான் கஷ்டம், எலும்போட ஒட்டி வளர்ந்திருக்கும், தொடை எலும்பை நீளவாக்கில் பிளந்துதான் எடுக்கோணும் என்றார். நீளவாக்கில் என்றா சொன்னார்? ஆமாம், கையால் காற்றில் கோடு போட்டுக்கூடக் காட்டினார். ஆக, சொன்னால் அவர் காலைப் பிளப்பார்கள். சொல்லாவிட்டால் பத்து வருஷம், இருபது வருஷம் ஒன்றும் ஆகாமல் அப்படியே போகலாம். இல்லை, நானூற்றோராவது படியில் உடைந்து போகலாம். இரண்டில் எது என்று எந்த நுண்ணோக்கியும் காட்டாது. அவளுக்கு அழுகை வந்தது. கை ஈரமாக இருந்ததால் துடைக்க முடியவில்லை, அப்படியே விட்டாள். பதினைந்து நிமிஷமும் தேய்த்தாள். பதினாறாவதும் தேய்த்தாள்.

பிறகு அமிலம். இரண்டு கையிலும் உறை, அதன்மேல் இன்னொரு உறை. ஹெச்.எஃப். என்று செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடும் அந்த அமிலத்தைக் கண்டால் அவளுக்கு வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டுப் பயம். மற்ற அமிலம் பட்டால் எரியும், உதறிவிடலாம். இது எரியாது. தண்ணீர் சொட்டு என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போய்விடுவோம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு டீவி பார்ப்போம், அது தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி எலும்பைத் தேடிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். வலிக்க ஆரம்பிக்கும்போது எலும்பில் உட்கார்ந்திருக்கும். அதற்கென்று ஒரு மருந்துக் களிம்பு அலமாரியில் எப்போதும் இருக்கிறது. இருபத்தோரு மாசம் முந்திப் போட்ட கையெழுத்துக்கு என்ன களிம்பு? துண்டை இடுக்கியில் பிடித்து முக்கினாள். பத்து விநாடி. வாய்விட்டு எண்ணினாள், எப்போதும் அப்படித்தான் எண்ணுவாள், ஆனால் இன்றைக்கு அது படி எண்ணுவது மாதிரியே கேட்டது. எடுத்துக் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி, சூடான காற்றில் உலர்த்தினாள். கண்ணாடியாக இருந்தது இப்போது லேசாக மங்கியது. ஒரு ஓரத்தில் மட்டும் மயிரிழைப் பொன் கோடு.

நுண்ணோக்கியில் வைத்து முதலில் தெரிந்தது மங்கல்தான். திருகைத் திருப்பினாள். பொன் கிளைகள் வந்தன, அதே கிளைகள், வரவேற்பறையில் தொங்குகிற அதே அழகு, இந்தத் தடவை நெடுக ஓடின. வெடிப்பு இல்லை. மேடையை நகர்த்தினாள். இல்லை. அப்பனே முருகா! இன்னும் நகர்த்தினாள். நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்து, இப்போதே டப்பாவைத் திறந்து சாம்பார் சாதத்தைத் தின்ன வேண்டும்போல ஒரு பசி கிளம்பியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்கியது. கீறலாக இருக்கும். கீறல் இப்படிக் கிளைகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து வழி பார்த்துக்கொண்டு போகாது. நகர்த்தினாள். இன்னொன்று. சரியாக அதே இடைவெளி விட்டு இன்னொன்று. முள்ளங்கி மாதிரியே, வரிசையாக, பல்லைக் காட்டிக்கொண்டு. எண்ணினாள், பதினேழு. பதினாறும் பொன்தோல் முடிகிற இடத்தில், சாம்பல் ஊசிகள் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு முட்டு முட்டிவிட்டு நின்றிருந்தன. பதினோராவது மட்டும் நிற்கவில்லை. ஊசிகளுக்குள் இறங்கி, அதையும் தாண்டி, சூடே படாத அந்தப் பழைய உலோகத்துக்குள் ஒரு விரல்நுனி நீட்டின மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இது ஒரு நாளும் யார் உடம்புக்குள்ளும் போகாத துண்டு. ஒரு படிகூட ஏறாத துண்டு. அலமாரியில் சும்மா கிடந்ததற்கே இந்த நிலைமை.

அவள் கண்ணை எடுத்தாள். அறை முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது, குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது, கீழே யாரோ சிரித்தார்கள். முதல் வட்டில் இருநூற்றிருபதாம் தாள் இன்னும் ஒட்டியபடியே கிடந்தது. இரண்டு நிமிஷம் போதும். பதினேழும் போய்விடும், மிச்சத் துண்டுகளை இந்த வாரம் சடையப்பனே தூக்கிப் போட்டுவிடுவார். அதற்கப்புறம் மாமாவின் காலுக்குள் இருக்கிறது மட்டும்தான் மிச்சம், அதை யார் வெட்டிப் பார்க்கப் போகிறார்கள், அதுவும் நீளவாக்கில்? அவர் காலைப் பிளக்க வேண்டாம். தான் வேலையில் இருக்கலாம். நாத்தனார் வாயைத் திறக்கமாட்டாள். அவரைப் பஸ்சில் போகச் சொல்லலாம், படியே இல்லாத வீட்டுக்கு மாறலாம், ராத்திரி ராத்திரி அவர் புரண்டு படுக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கலாம், சாகும்வரை கிடக்கலாம். துண்டை மேடையிலிருந்து எடுத்தாள். கை வட்டின் பொத்தானுக்குப் போனது உண்மைதான், அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. அப்போது போன் அடித்தது.

"வந்து சேந்துட்டேன் புள்ள!" மூச்சு வாங்கியது அவருக்கு, ஆனால் குரலில் அப்படியொரு சந்தோஷம். "மூணே எடத்துலதான் உக்காந்தேன். கால் கல்லாட்டம் நிக்குது."

"மாமா."

"இறங்கறப்பதான் சித்த பாத்து இறங்கோணும். படியெல்லாம் தேஞ்சு வழவழன்னு கெடக்குது."

"மாமா, அங்கயே உக்காருங்க."

"ஏன்?"

"உக்காருங்கன்னா உக்காருங்க. இறங்காதீங்க. பஸ்சு நிக்கற எடத்துக்குக்கூட நடக்காதீங்க. நான் வண்டி வெச்சுக்கிட்டு வர்றேன்."

"என்ன ஆச்சு சுகந்தி? குரலு ஏன் இப்படி இருக்குது?"

"உங்க காலுக்குள்ள இருக்கறது... அது சரியில்லீங்க மாமா."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, பயந்த பிள்ளையைத் தேற்றுகிற சிரிப்பு. "நீ பாத்து உட்டதுதான புள்ள? அதுக்கு என்ன ஆவப்போவுது?"

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்த மனுஷன் எண்ணூறு படி ஏறியிருக்கிறார். வட்டின் பொத்தான் அங்கேயேதான் இருந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை.

"நான் பாக்கலீங்க மாமா," என்றாள். "இன்னைக்குத்தான் பாத்தேன்."

அந்தப் பக்கம் யாரோ அரோகரா போட்டுக்கொண்டு போனார்கள். வேட்டி சரசரக்கும் சத்தம், பிறகு கல்லில் கையை ஊன்றி மெதுவாக, ரொம்ப மெதுவாக ஒரு ஆள் உட்காரும் சத்தம்.

"ஒடஞ்சிருமா?"

"தெரியலீங்க. ஒடையலாம். பத்து வருஷம் ஒண்ணும் ஆவாமயும் இருக்கலாம். எடுக்கறதுன்னா மறுபடியும் ஆபரேசன் பண்ணோணும். நாந்தான் மாமா, நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துண்டைத் திரும்ப மேடையில் வைத்து, ஒரு கையால் போனைப் பிடித்தபடியே மறுகையால் திருகைத் திருப்பினாள். பதினோராவது கோடு தெளிந்து வந்தது. படம் எடுக்கும் பொத்தானை அழுத்தினாள். ஒரு தடவை போதும், அவள் மூன்று தடவை அழுத்தினாள்.

"சுகந்தி."

"சொல்லுங்க மாமா."

"இது மாதிரி எத்தன பேருக்கு வெச்சிருக்குது?"

"இருநூறுல நாலை நாங்க வெட்டிட்டோம். உங்களச் சேத்து நூத்தித் தொண்ணூத்தாறு."

"நான் உக்காந்துட்டேன்," என்றார். "அவங்கெல்லாம் இப்ப நடந்துட்டு இருப்பாங்களே."